ராமேஸ்வரம்: காற்று பார்த்துப் போக வேண்டிய தலம்

ராமேஸ்வரம் போகிறவர்கள் திதி பார்ப்பார்கள், நட்சத்திரம் பார்ப்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டு போங்கள் என்பேன். அந்தத் தீவில் கடலும் மணலும் காற்று சொன்னபடிதான் கேட்கின்றன.

ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போயிருந்தபோது அக்னி தீர்த்தத்தில் கடல் குளம்போலக் கிடந்தது. வயதான அம்மாக்கள்கூட இடுப்பளவு தண்ணீரில் பயமில்லாமல் நின்று முழுகினார்கள். மதியம் தனுஷ்கோடிப் பக்கம் போனால், சாலைக்கு வலப்புறம் மன்னார் வளைகுடா இரைகிறது; இடப்புறம் பாக் நீரிணை அசையாமல் இருக்கிறது. ஆண்கடல், பெண்கடல் என்று அங்கே சொல்வார்கள். தென்மேற்குக் காற்று நேராக வளைகுடாக் கரையில் மோத, குறுக்கே கிடக்கும் தீவு மறுபக்கத்துக்கு மறைப்பாகிவிடுகிறது. அந்தக் காற்றில் மழை அதிகம் இல்லை. அதை மேற்குத் தொடர்ச்சி மலையே வாங்கிக்கொள்கிறது.

மார்கழியில் போனபோது எல்லாம் தலைகீழ். ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில் வாடை வீச, அக்னி தீர்த்தம் கலங்கிப் புரண்டது. ஆண்கடல் சாதுவாகியிருந்தது. தீவுக்கு மழை தருவதும் பெரும்பாலும் இந்த மாதங்கள்தான். அந்த மழை மணலுக்குள் இறங்கி உப்புநீரின்மேல் நல்ல தண்ணீராகத் தங்குகிறது. தனுஷ்கோடியில் கையால் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் இனிக்கிற தண்ணீர்! அவன் கருணையை அதற்குமேல் எப்படிச் சொல்வது?

தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனையில் மணல் ஒரு பருவத்தில் இருந்த மாதிரி அடுத்த பருவத்தில் இருப்பதில்லை. ஒரு பக்கம் அரிக்கிறது, இன்னொரு பக்கம் சேர்கிறது. கைலாயம் போன அனுமன் வரத் தாமதமானதால், சீதாப்பிராட்டி கடற்கரை மணலைக் கையால் குவித்துச் செய்ததுதான் ராமலிங்கம் என்பது தலபுராணம். காலடியில் நழுவிக்கொண்டே இருந்த அந்த மணலைப் பார்த்துவிட்டுச் சன்னதிக்கு வந்தேன். அதே மணல், தாயார் கைபட்டதால் இங்கே அசையாமல் அமர்ந்திருக்கிறது என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. அர்ச்சகர் தீபம் காட்டியபோது சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயில் மட்டும் தாங்கி நின்றது. விபீஷணர் சரணடைந்த இடம் அது. அங்கே நின்று, அந்த ரயிலில் போனவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

என்னைக் கேட்டால் தை, மாசி நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் புயல் எச்சரிக்கை இருந்தால் தனுஷ்கோடியை விட்டுவிடுங்கள். கடலில் முழுகியபின் நீராடுகிற 22 தீர்த்தங்களும் கோயிலுக்குள்ளேயே இருக்கின்றன. நனைந்த துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், அதனால் மாற்றுத்துணி மட்டும் மறக்காதீர்கள்.