கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். தலசீமியா மேஜர் என்ற கடுமையான பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து வேறு. ரத்தம் இலவசமாகவே கிடைத்தாலும், கூட வரும் அம்மா இழக்கும் அன்றைய கூலியை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இதன் கடத்திகள்; அதாவது தங்களுக்கு இந்த நோய் இல்லாமல், அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள். கணவன் மனைவி இருவருமே கடத்திகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர 25 சதவீத ஆபத்து. கடத்தியா என்று காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற ரத்தப் புரதத்தின் அளவை, கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியில் முதலில் ஒருவருக்குப் பார்த்தால் போதும். அவர் கடத்தி என்றால்தான் துணைக்கும் தேவை. செலவு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். (வெறும் ரத்தசோகை என்று இரும்பு மாத்திரையோடு திரும்பும் கடத்திகள் ஏராளம்.)

ஏழில் ஒருவர் கடத்தியாக இருக்கும் சைப்ரஸ், 1970களிலேயே பரிசோதனையில் பணம் போட்டது. அங்கே பாதிப்போடு பிறக்கும் குழந்தைகள் இன்று மிக அரிது. நம் அரசும் இந்தச் செலவை ஏற்க வேண்டும்.