உருளைக்கிழங்குக்குள் ஓர் அறுகோணம்

சென்ற வாரம் ஒரு பெரிய உருளைக்கிழங்கைக் கனசதுரமாகச் செதுக்கி, ஒரு முனையிலிருந்து நேரெதிர் முனையை நோக்கி மெல்லிய வில்லைகளாக அரிந்துகொண்டே போனேன். முதலில் சிறு முக்கோணங்கள் வந்தன. போகப்போக அவை பெரிதாகி, பின்பு மூலைகள் வெட்டுப்படத் தொடங்கின. சரியாக நடுவில், மாவுப்பால் படிந்த கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது ஓர் அறுகோணம். சதுர முகங்கள் மட்டுமே உள்ள பொருளுக்குள் அறுகோணம் உண்டென்று கணக்கின் வழியே முன்பே அறிந்திருந்தும், கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் மனம் அதை ஒப்புக்கொண்டது.

நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் அப்பாற்பட்ட நான்காம் பரிமாணத்தை எண்ணிப் பார்க்க நான் நம்பும் வழியும் இதுவே. தட்டையான உலகில் வாழும் ஓர் உயிர் இந்த வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காணும். அவற்றைக் கோத்துக் கனசதுரமாக உணர்வது அதன் மனத்தின் வேலை. அதுபோல, 16 முனைகளும் 32 விளிம்புகளும் 8 கனசதுரங்களும் கொண்ட நாற்பரிமாணக் கனசதுரம், ஒரு முனை முதலில் வரும்படி நம் அறையைக் கடந்துபோனால், வெறும் காற்றில் ஒரு புள்ளி தோன்றி, நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகியாக வளர்ந்து, முனைகள் வெட்டுப்பட்டு, நடுவில் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகியாகி, பிறகு அதே வழியில் சுருங்கி மறையும்.

இத்தகைய வெட்டுமுகங்களை அட்டையில் செய்து காட்டியவர், 1860இல் அயர்லாந்தில் பிறந்த அலீசியா பூல் ஸ்டாட். தர்க்க இயற்கணிதத்தை வகுத்த ஜார்ஜ் பூலின் மகளான இவர் நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார், கல்லூரிக்கும் சென்றதில்லை. அக்காவின் கணவரான சார்லஸ் ஹோவர்ட் ஹிண்டன் நான்காம் பரிமாணத்தை மனத்தில் காண உருவாக்கிய மரக் கட்டைகளைக் கொண்டு பழகி, நான்கு பரிமாணத்தில் எல்லாப் பக்கங்களும் ஒரே சீராக அமைந்த, உட்குழிவற்ற ஒழுங்கு வடிவங்கள் ஆறு என்பதைத் தாமே கண்டுபிடித்தார். அவற்றுள் ஒன்று 600 நான்முகிகளால் ஆனது! நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் 1914இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது.

அவருக்கு வாய்த்தது வேறொரு புலன் என்று நான் கருதவில்லை. நம் விழித்திரையில் விழுவதும் ஆழமற்ற பிம்பமே. இரு கண்களின் வேறுபாட்டையும் நம் அசைவையும் கொண்டு மூளைதான் ஆழத்தைக் கட்டுகிறது. அந்தப் பழக்கத்தையே அவர் ஒரு படி மேலே கொண்டு சென்றார்.

இப்போது அட்டையில் செய்த எண்முகி ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. கண்ணை மூடி, அதற்கு முன்னும் பின்னும் வரவேண்டிய துண்டுகளை அடுக்கிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றாகத் தெளிவாகவே வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே கணத்தில் ஒரே பொருளாகப் பிடிக்க முயலும்போது மட்டும், அவை மீண்டும் ஒன்றன்பின் ஒன்றான வரிசையாகப் பிரிந்துவிடுகின்றன.