தண்ணீருக்காகப் பாடிய கௌபோய்

குதிரையேறி வரும் கதாநாயகன் பாட்டும் பாடுகிற பழைய அமெரிக்கப் படங்கள்தான் பாடும் கௌபோய் படங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றைப் பார்ப்பதென்றால், 1938இல் வந்த 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' படத்தைத்தான் சொல்வேன். றோய் றொஜர்ஸ் கதாநாயகனாக நடித்த முதல் படம் இது. படத்தைத் தயாரித்த றிப்பப்ளிக் ஸ்ரூடியோவுடன் ஒப்பந்தத் தகராறுப்பட்டு, அதன் பாடும் கௌபோய் நட்சத்திரமான ஜீன் ஓட்றி விலகி நின்றதால் இவருக்குக் கிடைத்த வாய்ப்பு.

கதை முழுக்கத் தண்ணீர்தான். மழை பொய்த்துவிட்டது. அணையில் தண்ணீர் கிடக்கிறது, ஆனால் அது தண்ணீர்க் கம்பனியின் கையில். சனத்துக்குத் தண்ணீர் கேட்க றோய் காங்கிரஸ் தேர்தலில் நின்று வென்று வொஷிங்டன் போகிறார். ஆறில்லாமல் கிணற்றை நம்பித் தோட்டம் செய்கிற, மாரி பிழைத்தால் கிணறு உவராகிவிடுமோ என்று பயப்படுகிற எங்கட ஊர்ச் சனத்துக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

படத்தின் உச்சம் 'டஸ்ட்' பாட்டு. கோட்டும் சூட்டுமாக நிற்கிற தலைநகரப் பெரியவர்களுக்கு முன்னால், புழுதியில் புதைந்த நிலங்களைத் திரையில் ஓடவிட்டு, அதோடு சேர்ந்து றோய் பாடுகிறார். குரலை உயர்த்துவதே இல்லை. மேடைப் பேச்சு செய்யவேண்டிய வேலையை அந்த மெதுவான பாட்டுச் செய்கிறது. ஒஸ்காருக்குப் பரிந்துரையான பாட்டு அது.

அந்தக் காலத்தில் பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு வாயசைப்பதுதான் வழக்கம். வெட்டவெளியில் குதிரை மேல் இருந்து பாடினாலும் குரல் காற்றில் கலையாமல் அறைக்குள் கேட்பதுபோல் இருப்பது அதனால்தான். எங்களுக்கு வாயசைப்புப் பழகினதுதான். இங்கே வித்தியாசம், நடிப்பவரின் சொந்தக் குரல். றோயின் கூட்டாளியாக வரும் நகைச்சுவை நடிகர் ஸ்மைலி பேர்னெட்டின் பகிடிகள் சில இடங்களில் இழுபடுகின்றன, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிரதி தேடும்போது ஓடும் நேரத்தைப் பாருங்கள். முழுப்படம் ஏறக்குறைய 65 நிமிடம். இப்படியான படங்களைத் தொலைக்காட்சியின் ஒரு மணிநேர இடைவெளிக்குள் அடக்க 54 நிமிடமளவுக்கு வெட்டினார்கள். அந்தப் பிரதி கிடைத்தால் காட்சிகள் தொடர்பில்லாமல் தாவும், குறை படத்தில் இருப்பதாக நினைத்துவிடுவீர்கள்.

ரிவியின் பட அளவையும் 4:3இல் வையுங்கள். அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் றோயின் குதிரை ட்றிகர் கட்டைக்கால் குதிரையாகிவிடும், படம்பிடித்த இடமான, கலிபோர்னியாவின் லோன் பைன் ஊர்ப் பக்கத்து அலபாமா குன்றுகளின் பாறைகளும் அமுங்கிச் சப்பையாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் அந்தப் பாறைகளின் நிழல்கள் அவ்வளவு அழகு.