காடைக் குஞ்சின் தொப்புள்

கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்த புதிதில், காடையும், கோழியினப் பறவையான ஃபெசன்ட்டும் வளர்க்கும் ஒரு பண்ணையின் பொறுப்பு என்னிடம் வந்தது. பொரித்த இரண்டாம் நாள் தொடங்கி ஐந்தாம் நாளுக்குள் குஞ்சுகள் கொத்துக்கொத்தாக இறந்தன. வயிறு உப்பி, தீவனத்தைத் தொடாமல், அவை விளக்கடியில் நெருக்கியடித்து நின்றன. குளிர்தான் காரணம் என்று முடிவுகட்டிய நான், குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடரின் வெப்பத்தை 35 டிகிரிக்கு உயர்த்தி, குடிநீரில் ஆன்டிபயாடிக் கலக்கச் சொன்னேன். இறப்பு குறையவில்லை. முதல் நாளே ஒரு குஞ்சையாவது அறுத்துப் பார்க்காதது என் தவறு. இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

பிறகுதான் இறந்த குஞ்சு ஒன்றை அறுத்தேன். ஏழெட்டு கிராம் எடையே இருந்த அந்தக் காடைக் குஞ்சின் வயிற்றைக் கத்தரியால் பிரித்ததும் துர்நாற்றம் வீசியது. ஒரு வாரத்துக்குள் உடலோடு கரைந்துவிட வேண்டிய மஞ்சள் கருப் பை சுருங்காமல், பச்சையும் பழுப்புமான நீர்த்த திரவத்துடன் புடைத்திருந்தது. தொப்புள் மூடாமல் ஈரமாக இருந்தது. சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. தாயின் சினைப்பையிலிருந்தே முட்டைக்குள் வரும் சால்மோனெல்லா புல்லோரம் என்ற பாக்டீரியாவும் இதே வாரத்தில் கொல்லும் என்பதால், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே வளர்ந்தது எச்சத்தில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா. நோயுற்ற குஞ்சு தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தாலும் கெட்டுப்போன மஞ்சள் கருவுக்குள் மருந்து போதிய அளவில் சேர்வதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில வாரம் வளர்ந்த காடைகள் இறந்தால் நான் தரையில் பரப்பிய கூளத்தைப் பார்ப்பேன்; குடலில் புண்ணை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் கோலினம் என்ற பாக்டீரியா அங்கே கடின உறை கொண்ட வித்துகளாக நெடுநாள் உயிரோடிருக்கும். முதல் வாரத்து இறப்புக்கோ முட்டை அறைக்குத்தான் போக வேண்டும். போய்ப் பார்த்தபோது, எச்சம் படிந்த முட்டைகளை ஒரே வாளியின் குளிர்ந்த நீரில் கழுவிக்கொண்டிருந்தார்கள். சூடு ஆறாத முட்டை குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளடக்கம் சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியே நீரையும் கிருமியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சுத்தம் செய்வதாக நினைத்தே அதைச் செய்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அழுக்கு முட்டைகளை அடைக்கு வைக்காமல் ஒதுக்கினோம். ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் பொரிப்பானைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்தோம். அடுத்த தொகுதி பொரித்த காலையில், குஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் மல்லாத்தித் தொப்புளைப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் அது நன்றாக மூடி, உலர்ந்திருந்தது.