திட்டத் திட்ட வளரும் பதிவு

ஒரு பதிவைப் பார்த்ததும் கடுப்பாகிறது. கமென்டில் இறங்கி நாலு வரி காய்ச்சிவிட்டு வந்தால் மனசு ஆறுகிறது. எழுதினவருக்கு உறைத்ததோ இல்லையோ, அவருடைய பதிவுக்கு உரம் போட்டாயிற்று. பேச்சுக்குச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே காட்டலாம்.

2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் (இப்போது எக்ஸ்) தன் பரிந்துரை நிரலின், அதாவது யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதத்தின், ஒரு பகுதியைப் பொதுவில் வைத்தது. அடுத்த சில நாட்களில், எந்தச் செயலுக்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியலும் வந்தது. லைக்குக்கு 0.5. ரீட்வீட்டுக்கு 1. பதில் எழுதினால் 13.5. அந்தப் பதிலுக்குப் பதிவின் சொந்தக்காரரே எதிர்வினை செய்தால் 75. மறுபக்கம், இந்த மாதிரிப் பதிவு வேண்டாம் என்று ஒதுக்கினால் 74 கழியும். ரிப்போர்ட் செய்தால் 369 கழியும். ஒரு பதிவை உங்கள் முன்னால் வைக்கும் முன், இவற்றில் ஒவ்வொன்றையும் நீங்கள் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று நிரல் ஊகிக்கிறது. வாய்ப்பை மதிப்பெண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறது. கூட்டுத்தொகை பெரிதாக இருப்பது மேலே வருகிறது.

இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்வோம். வாய்ப்பு விகிதங்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. முதலாவது, பொறுமையாக எழுதிய விளக்கம்: 100 பேரில் 10 பேர் லைக் போடுவார்கள், 1,000 பேரில் 5 பேர் பதில் எழுதுவார்கள். லைக் வழியே 0.05, பதில் வழியே 0.0675, மொத்தம் 0.1175. இரண்டாவது, வம்புக்கு இழுக்கும் ஒரு வரி: லைக் 100க்கு 3தான், ஆனால் 4 பேர் சண்டைக்கு வருகிறார்கள். லைக் 0.015, பதில் 0.54, மொத்தம் 0.555. வம்பு நாலரை மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறது. 1,000 பேரில் ஒருவர் ரிப்போர்ட் செய்வார் என்று வைத்தாலும் 0.186 மிஞ்சுகிறது, அப்போதும் முந்துவது அதுதான். ரிப்போர்ட் 1,000க்கு 2 ஆனால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பிடிக்காதவர்களைக் கூட்டம் சேர்த்து ரிப்போர்ட் செய்து அமுக்கும் வேலைக்கும் இதே கணக்குதான் வழிவிடுகிறது என்பது வேறு கதை.

அந்த எண்கள் 2023ஆம் ஆண்டு நிலவரம். இப்படிப்பட்ட மதிப்பெண்களை, அதாவது எடைகளை, நிறுவனங்கள் அடிக்கடி மாற்றுவார்கள். ஆனால் திட்டுக்கும் பாராட்டுக்கும் பதில் என்ற ஒரே பெட்டிதான் என்பதைக் கவனியுங்கள். ஃபேஸ்புக்கிலும் இப்படி ஒரு கட்டம் இருந்தது. 2017இல் எமோஜி எதிர்வினைகளுக்கு லைக்கைப் போல் 5 மடங்கு எடை கொடுத்தார்கள். கோபமுகமும் அதில் சேர்த்தி. அதன் எடையைப் படிப்படியாகக் குறைத்து 2020 செப்டம்பரில்தான் பூஜ்யமாக்கினார்கள். இது வெளியே தெரிந்தது 2021இல், உள் ஆவணங்கள் கசிந்த பிறகு.

எதை அளக்கிறார்களோ அதற்கேற்ற தில்லுமுல்லு கூடவே பிறந்துவிடுகிறது. யூடியூப் பார்வை எண்ணிக்கையை வைத்துப் பரிந்துரைத்த காலத்தில், முகப்புப் படத்தில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக வந்தது. 2012இல் பார்க்கும் நேரத்துக்கு மாறினார்கள்; இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைப் பத்து நிமிடத்துக்கு இழுக்கும் வீடியோக்கள் பெருகின. இதில் படைப்பாளியை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பரீட்சையில் எதற்கு மார்க் என்று தெரிந்தால் எல்லோரும் அதைத்தானே படிப்பார்கள்.

அதற்காக எல்லாப் பழியையும் அல்காரிதத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி ரீட்வீட் ஆகும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பொய் புதுசாக இருந்தது, ஜனங்கள் கடத்தினார்கள். வாட்ஸாப்பில், பதிவுகளை அல்காரிதம் வரிசைப்படுத்திக் காட்டும் ஃபீட் இல்லாத குழுக்களிலும் வதந்தி ஓடுவது இதனால்தான். அங்கே பலன் கொடுத்தது ஒரு சின்ன வேகத்தடை: பல கை மாறி வந்த, இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்படுத்தினார்கள். அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. ஓட்டை இல்லாமல் இல்லை. வீடியோவைப் புதிதாக ஏற்றி அனுப்பினாலோ, எழுத்தைக் காப்பி செய்து ஒட்டினாலோ அம்புக்குறி போய்விடும். ஆகவே அம்பு இல்லை என்பதற்காக அது அனுப்பியவரின் சொந்தச் சரக்கு என்று நம்பிவிடாதீர்கள்.

சரி, ஃபீட் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால்? பொத்தான்கள் எல்லாம் ஒரே அளவுக்கு வேலை செய்வதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மோசில்லா 2022இல் 20,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் யூடியூப் தரவை வைத்துச் சோதித்தது. வேண்டாத பரிந்துரைகளை டிஸ்லைக் 12 சதவீதம்தான் தடுத்தது. 'ஆர்வமில்லை' 11 சதவீதம். வாட்ச் ஹிஸ்டரியிலிருந்து நீக்கினால் 29. 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' 43. கட்டைவிரலைக் கீழே காட்டிக்கொண்டிருப்பது அநேகமாக வீண் வேலை.

அதனால் முதலில் சேனலைத் தடுங்கள். அடுத்து வாட்ச் ஹிஸ்டரிக்குப் போய், தொந்தரவு தரும் தலைப்பை அங்கேயே தேடி, அது தொடர்பான வீடியோக்களை ஒவ்வொன்றாக அழியுங்கள். தேடல் ஹிஸ்டரி தனி. அதை அழிக்க மறந்துவிட்டுத்தான் பலர் 'மறுபடியும் அதே வருகிறதே' என்கிறார்கள். யாரோ அனுப்பிய சந்தேகமான லிங்க்கை ஆப்பில் திறக்காமல் பிரவுசரின் மறைநிலைத் தாவலில் (இன்காக்னிட்டோ) திறந்தால் உங்கள் கணக்கில் பதிவாகாது. வீட்டு டிவியில் ஒரே கணக்கை நாலு பேர் பயன்படுத்தினால் இத்தனையும் செய்து பிரயோஜனமில்லை. கணக்கைப் பிரித்த பிறகு சுத்தம் செய்யுங்கள். டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பரிந்துரைகளை மொத்தமாகத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும் வசதி இருக்கிறது. துடைத்த பின் முதல் சில நாட்கள் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். எதையாவது 'என்ன கண்றாவி இது' என்று நின்று பார்த்தால், அந்த நிற்றலும் விருப்பமாகத்தான் எண்ணப்படும்.

பொய்யை மறுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் அடியில் பதில் போடாதீர்கள், லிங்க்கும் கொடுக்காதீர்கள். தனிப் பதிவாக எழுதுங்கள். முதல் வரியிலேயே உண்மை வரட்டும், பொய் என்னவென்பது அதற்குப் பின்னால். ஸ்க்ரீன்ஷாட் வைப்பதானால் படத்தின் குறுக்கே 'தவறு' என்று பெரிதாக எழுதி, தேதியையும் போடுங்கள். வெறும் படமாக விட்டால், உங்கள் விளக்கத்தை வெட்டிவிட்டு அந்தப் படத்தை மட்டும் இன்னொருவர் ஃபார்வர்ட் செய்வார்.