ஜெர்மனியில் பேராசிரியருக்கு மெயில்: நம்மூர்ப் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளில் எழுதிப் பழகிய விடுப்பு விண்ணப்பம் ஜெர்மனி வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், ‘மதிப்பிற்குரிய ஐயா’, கடைசியில் ‘கீழ்ப்படிதலுள்ள மாணவன்’. இதில் இங்கே உதவுவது ‘பொருள்’ மட்டும்தான். அதைத்தான் பலர் காலியாக விடுகிறார்கள். ‘சந்தேகம்’ என்று போட்டாலும் காலிதான். ‘வெப்ப இயக்கவியல், 3ஆம் பயிற்சித்தாள், 2ஆம் கணக்கு’ என்று இருக்கட்டும்.

பெரிய குழப்பம் பெயரில். பர்கூர் கல்லூரியில் ‘செந்தில் சார்’ என்றால் மரியாதை. அதே வழக்கத்தில் மார்ட்டின் ஷ்மிட் என்பவருக்கு ‘டியர் மார்ட்டின் சார்’ என்று எழுதினால், வீட்டாரும் நண்பர்களும் கூப்பிடும் பெயரைச் சொன்னதாகிவிடும். குடும்பப்பெயர்தான் வேண்டும். ஆங்கிலவழிப் படிப்பென்றால் ‘டியர் புரொஃபசர் ஷ்மிட்’ போதும். ஆணா பெண்ணா என்ற கேள்வியே வராது. ஜெர்மனில் எழுதினால் அது தெரிந்தாக வேண்டும்: ஆணுக்கு ‘ஹெர்’, பெண்ணுக்கு ‘ஃப்ராவ்’. ஆந்த்ரேயா என்பது இத்தாலியில் ஆண் பெயர், ஜெர்மனியில் பெண் பெயர். துறையின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நம் பெயரிலும் சிக்கல் உண்டு. மா. தீர்த்தகிரி என்பவரின் இனிஷியலை பாஸ்போர்ட்டில் விரித்திருந்தால், பல்கலைக்கழகப் பதிவில் குடும்பப்பெயர் மாதையன். ‘டியர் மிஸ்டர் மாதையன்’ என்று வரும் பதில் அப்பாவுக்கல்ல, உங்களுக்குத்தான். பதிவில் உள்ளபடியே முழுப்பெயரை எழுதி, கீழே மாட்ரிக்கல் எண்ணைப் (பல்கலைக்கழகம் தரும் மாணவர் எண்) போடுங்கள். பல்கலைக்கழகம் கொடுத்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். ஜிமெயிலில் போனால் ஸ்பேமில் விழ வாய்ப்புண்டு.

நலம் விசாரிப்பு, மூன்று வரி மன்னிப்பு எதுவும் வேண்டாம். எந்தப் படிப்பு, எந்த செமஸ்டர், எதுவரை போட்டுப் பார்த்தீர்கள், எங்கே நின்றது, ஒரே ஒரு கேள்வி. நோட்டுப் பக்கத்தைப் படுக்கைவாக்கில் போட்டோ எடுத்து அனுப்பாமல் பிடிஎஃப் ஆக்குங்கள். தேர்வுப் பதிவு பற்றிய கேள்வி பேராசிரியருக்குரியதே அல்ல. அதற்குத் தேர்வு அலுவலகம் இருக்கிறது.

பதில் இல்லையென்றால் ஒரு வாரம் பொறுத்து, அதே மெயிலின் தொடர்ச்சியாக இரண்டு வரி. துறைத்தலைவரை சிசியில் சேர்ப்பது புகார் சொல்வதுபோல் ஆகிவிடும். அதைவிட, வாராந்திரச் சந்திப்பு நேரத்தில் நேரில் போய்க் கேட்கலாம்.

விசாவுக்குக் காத்துக்கொண்டு ஊரிலிருந்தே எழுதுபவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். பேராசிரியர் ஜூமில் 14:00 மணி என்றால், கிருஷ்ணகிரியில் கோடையில் மாலை 5:30, குளிர்காலத்தில் 6:30. மார்ச், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறுகளில் இது மாறும்.