மேல்மலை வீட்டுப் பெரியவருக்கு எந்தப் பட்டன் போன்?

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் வாங்கினாலும் வத்தலக்குண்டில் வாங்கினாலும், வயசானவங்களுக்குப் போன் என்றதும் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது பெரிய பட்டனும் பெரிய எழுத்தும்தான். பூம்பாறை, கூக்கால், மன்னவனூர் மாதிரி மேல்மலை ஊர் வீடுகளுக்கு அதைக் கடைசியாகப் பாருங்கள். பெரியவர் படுக்கிற கட்டிலில் எந்த சிம்முக்கு டவர் கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. திண்ணையில் நாலு கோடு காட்டுகிற சிம், சுவர் தாண்டி உள்ளறைக்குப் போனால் செத்துவிடும். ராத்திரி நெஞ்சு வலி வந்தால் கம்பளியை விலக்கி எழுந்து வாசலுக்கு வந்தா பேசுவார்? சொந்தக்காரர்களின் போன்களை வாங்கி, அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு சிம்மிலும் இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். கோடுகளை நம்ப வேண்டாம், குரல் அறுபடுகிறதா என்று கேளுங்கள்.

சிம் முடிவான பிறகுதான் போன். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்த சிம்முக்கு 2ஜி மட்டும் உள்ள போனை வாங்கினால் பேசவே முடியாது. மலிவான 4ஜி பட்டன் போன்களில் சில ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும்தான் ஏற்கும், கடையிலேயே போட்டுப் பேசிப் பார்த்துவிடுங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிற 2ஜி அலை மேட்டைத் தாண்டி ஓரளவு வளைந்து இறங்கும் என்பதால், 4ஜியும் 2ஜியும் இரண்டும் எடுக்கிற போனே மலைக்கு நல்லது.

"மூணு நாள் சார்ஜ் நிக்கும்னாங்க, ஒரே நாள்ல போயிடுது" என்பது மேல்மலையில் அடிக்கடி கேட்கிற புகார். பெரும்பாலும் பேட்டரியில் குறையிருக்காது. டவர் சரியாக எட்டாத இடத்தில் போன் தன் முழுச் சக்தியையும் போட்டு அலை அனுப்பும். 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜியில் அது 2 வாட் வரை போகும். டவர் கிடைக்காத இரண்டாவது சிம் உள்ளே கிடந்தால், அதற்காகவும் போன் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றுங்கள். நெட்வொர்க் செட்டிங்கில் வீட்டில் கிடைப்பதை மட்டும், 2ஜியோ 4ஜியோ, நிலையாக வைத்துவிடுங்கள்.

மார்கழி, தை உறைபனியில் வேறொரு கோளாறு வரும். குளிர்ந்த பேட்டரி போதிய மின்னழுத்தம் கொடுக்காததால் போன் திடீரென அணையும், வெயில் ஏறினால் தானே உயிர்பெறும். ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப்பையில் வைத்தால் போதும். அடுப்போரம் வைத்துச் சூடேற்றக் கூடாது. பனியில் கிடந்த போனை ஆவி பறக்கிற சமையலறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் பூக்கும். அரை மணி நேரம் விட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்க்க, அதைக் கழற்றி மேசையில் படுக்கவைத்துச் சுண்டுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் மாற்றிவிடுங்கள்.

பட்டன் சரியாக வேலை செய்யாததற்கும் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ரப்பருக்கு அடியில் ஒவ்வொரு எண்ணுக்கும் மிளகு அளவு குமிழாக ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அமுக்கினால் அது கீழே உள்ள தடத்தைத் தொட வேண்டும். இடையில் களிம்பு படிந்தால் நாலு தடவை அமுக்கினாலும் எண் விழாது, பெரியவர் தன் விரலில் பலமில்லை என்று நினைத்துக்கொள்வார். போனைத் திறந்து, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகிவிடும். அரிசிப் பானையில் போட்டால் களிம்பு போகாது.

"காது கேட்கல" என்று சொன்னாலும் முதலில் போனைப் பாருங்கள். காதில் வைக்கிற இடத்து வலைத் துளையில் கம்பளி நூலும் பூண்டுத் தோட்டத்துப் புழுதியும் அடைத்திருக்கும். காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் போனைக் கவிழ்த்துப் பிடித்துத் தேயுங்கள். ரிங்டோனுக்குக் குருவிச் சத்தம் வேண்டாம். வயதானால் கீச்சுக்குரல்தான் முதலில் கேட்காமல் போகும். கனத்த மணியோசை வையுங்கள்.

இனி அவசர அழைப்பு. 2017 முதல் இந்தியாவில் விற்கிற பட்டன் போன்களில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அமுக்கினால் அவசர உதவி எண்ணான 112க்குப் போகும்படி இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒரே பட்டனை அமுக்கிக் கூப்பிடும் ஸ்பீடு டயலில் பிள்ளைகளின் எண்ணை 2, 3, 4இல் மட்டும் வையுங்கள். முதியோருக்கென்றே வரும் போன்களில் எஸ்ஓஎஸ் என்ற தனி அவசரப் பட்டன் இருக்கும். வரிசையாக ஒவ்வொரு எண்ணாக, யாராவது எடுக்கும்வரை கூப்பிடும். சென்னையில் இருக்கிற மகன் முதல் எண்ணாக இருக்கக் கூடாது, ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் இருக்கட்டும். ஆள் எடுக்காவிட்டால் குரலைப் பதிந்துகொள்ளும் வாய்ஸ்மெயில் உள்ள எண்ணையும் சேர்க்காதீர்கள். அது எடுத்ததும் ஆள் எடுத்ததாக நினைத்துப் போன் நின்றுவிடும்.

ரீசார்ஜ் தீர்ந்தால் இத்தனையும் வீண். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்தது, கேட்டு வாங்குங்கள். 84 நாள் பேக் என்றால், முடிய ஒரு வாரம் இருக்கும் தேதியில் சுவரில் தொங்குகிற தினசரி நாட்காட்டித் தாளில் பேனாவால் "போன்" என்று எழுதிவையுங்கள். காலையில் அந்தத் தாளைக் கிழிப்பவர் பெரியவர்தான்.